சேவலுக்குக் கொடுவா

எபினேசரிடம் நான் முதன்முதலாக நேருக்கு நேர் நின்று பேசியது அவனைத் திட்டுவதற்குத்தான். சாதாரணத் திட்டு இல்லை. ஓடைக்கரையில் நின்று, அக்கம்பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி திட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ஆரம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்கு அவனைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகப் பேசினால் அந்தக் கோபம் அவர்கள் மேல் திரும்பும். அவன் என்கிறேன், என்னைவிடச் சின்னவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அன்புசெல்வனும் எபினேசரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ். இவர் எடைமேடையில் இருக்கிறார். அவன் கிரேன் ஓட்டுகிறான். மற்றவர்கள் இரும்புக் கட்டை இறக்கினால் தரை அதிருமாம், அவன் இறக்கினால் வந்து உட்கார்ந்ததே தெரியாதாம். இதை இவர் வீட்டுக்கு வந்து அடிக்கடி சொல்வார். இரும்பைச் சத்தமில்லாமல் வைப்பதில் என்ன பெருமை என்று அப்போது நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் தெரு வேறு, அவனுடைய காலனி வேறு. நடுவில் எங்கள் நெல் வயலும், அதை ஒட்டி ஒரு ஓடையும். அந்த ஓடை கிழக்கே போய்ப் பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது. ஏரியில் தண்ணீர் ஏறினால் உப்புத்தண்ணீர் எங்கள் மதகு வரைக்கும் வந்துவிடும், அதோடு கொடுவா மீனும் வரும். லீவு நாளில் எபினேசரை அங்கேதான் பார்க்கலாம்.

அவன் மீன் பிடிக்கிற விதம் ஊருக்கே வேடிக்கை. புழு கிடையாது, வலை கிடையாது. சேவலின் கழுத்து இறகை ஒரு சின்னத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டி, பூச்சி மாதிரியோ பொடிமீன் மாதிரியோ செய்து வைத்திருப்பான். ஃப்ளை ஃபிஷிங் என்று பெயராம். யாரோ வெள்ளைக்காரர்கள் மலை ஆற்றில் செய்வதை செல்போனில் பார்த்து, ஒரு தூண்டில் கோலை ஆன்லைனில் வரவழைத்து, அறுவடை முடிந்த வயலில் நின்று வெறும் தரையில் வீசி வீசிப் பழகியிருக்கிறான். பார்த்தவர்கள் எல்லாம் கம்பெனிச் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, பிடித்த மீனைத் திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவான். கொடுவாவை இரண்டு கையிலும் தண்ணீருக்குள்ளேயே ஏந்திக்கொண்டு, அது தானாக வாலை அடித்துப் போகிற வரைக்கும் குனிந்து நிற்பான். விருந்துக்கு என்று தேடித் தேடி வாங்குகிற மீன் அது! அவன் பெண்டாட்டி மோனிகா பஸ் ஸ்டாப்பில் சொல்லிச் சிரிப்பாள், என் புருஷன் மீனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து அனுப்புகிறார், எனக்குக் கருவாடுதான் என்று.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு இரண்டு முறை பிள்ளை தங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை. மூன்றாவது தங்கியபோது நான் வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. கெங்கையம்மனிடம் மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டுச் சேவல் ஒன்று, செம்பட்டைக் கழுத்தும் கறுப்பு வாலுமாக நடந்து வந்தால் ஒரு ஆள் வருகிற மாதிரி இருக்கும். அதை அம்மனுக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் நூல் கட்டிவிட்டேன். ஆடிக் கடைசி ஞாயிறு, கூழ் ஊற்றும் அன்றைக்குக் கொடுப்பதாக வேண்டுதல். நேர்ந்த சேவலை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அதற்குப் பதில் வேறொன்றை மாற்றக் கூடாது. முக்கியமாக, அது மூளியாக இருக்கக் கூடாது.

ஆனி பிறந்த சமயம். எனக்கு ஐந்தாம் மாதம். காலையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனால் சேவல் நிற்கிறது, கழுத்தில் ஒரு பக்கம் முழுக்க மொட்டை! சிவப்புத் தோல் தெரிகிறது. கீரி கடித்ததோ, நாய் பிடித்ததோ என்று பார்த்தால் ரத்தம் இல்லை. இறகு மட்டும் ஒழுங்காகப் பிடுங்கியிருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்தவரை எழுப்பிக் கேட்டேன். பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தில் வரும்போது எபினேசர் நாலு இறகு கேட்டான், வீட்டில் கோழி இருக்கிறது எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள் என்றேன் என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். அவருக்குக் கிடைத்ததைப் பிறகு அவரே சொல்லட்டும். நான் வரப்பில் இறங்கிவிட்டேன்.

ஓடையில் முழங்கால் தண்ணீரில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தவள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன், பொய் சொல்வானேன். தூண்டில் கோல் பின்னால் போகிறது, முன்னால் வருகிறது. அந்த நீளக் கயிறு அவன் தலைக்கு மேலே அவிழ்ந்து நீண்டுகொண்டே போகிறது, எங்கேயும் சிக்கவில்லை. கடைசியில் எதிர்க்கரைத் தாழம்புதரின் நிழலில் அந்த இறகு போய்த் தண்ணீரில் இறங்கியது. ஒரு வட்டம்கூட எழவில்லை. அடுத்த கணம் தண்ணீர் பிளந்து கொடுவா எகிறியது. அதன் வாயோரத்தில் என் சேவலின் இறகு. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறியது பாருங்கள், திட்டினேன், திட்டினேன், மூச்சு வாங்குகிற வரைக்கும் திட்டினேன். அம்மனுக்கு விட்ட சேவல் என்று அவனுக்குப் புரிந்தபோது அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“அண்ணி, மஞ்ச நூலப் பாத்துத்தான் அதப் புடிச்சேன்” என்றான்.

நெஞ்சழுத்தம் பார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அவர்கள் காலனியில் கோழிகள் எல்லாம் ஒன்றாகத் திரியும். அடையாளம் தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் கோழிக்காலில் ஒரு நிறத்தில் துணியோ நூலோ கட்டிவிடுவார்கள். மோனிகா கோழிக்குச் சிவப்பு, பக்கத்து வீட்டுக்கு நீலம். எங்கள் கொட்டகையில் மேய்ந்ததில் எது எங்களுடையது, எது அடுத்த வீட்டிலிருந்து வந்தது என்று அவனுக்குச் சந்தேகம். தவறிப்போய் அடுத்தவர் கோழியைத் தொட்டுவிடக் கூடாது என்று, மஞ்சள் நூல்தான் எங்கள் வீட்டு அடையாளம் என்று நினைத்து அதைப் பிடித்திருக்கிறான். அவன் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவன், நேர்த்திக் கடன் நூலை எங்கே கண்டான்.

வீட்டில் என் மாமியார் குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். மூளிச் சேவலை அம்மா வாங்க மாட்டாள், போன இரண்டும் எப்படிப் போனது என்று தெரியாதா என்று என் காதுபடவே சொன்னார். பூசாரியைப் போய்க் கேட்டோம். சொன்ன சேவலை மாற்ற முடியாது, கூழ் ஊற்றும் அன்றைக்குள் இறகு நிறைந்து சேவல் முழுசாக இருந்தால் கொண்டுவாருங்கள், வாங்குவதும் வாங்காததும் அவள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் எபினேசர் வீட்டுக்கு வந்தான். மாமியார் உள்ளே விடவில்லை, அவனும் உள்ளே வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து சேவலை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துத் தோலை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். இறகு ஒடியவில்லை, வேரோடு வந்திருக்கிறது, அதனால் அதே இடத்தில் புதிதாக முளைக்கும் என்றான். ஆனால் தானியம் மட்டும் போட்டால் தாமதமாகும், இறகு வளர மீன் மாதிரி சத்து வேண்டும் என்றான். சரி, கொண்டுவந்து போடு என்றேன் வெடுக்கென்று.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. ஷிப்ட் எதுவாக இருந்தாலும் போகிற வழியிலோ வருகிற வழியிலோ கையில் மீனோடு வந்து நிற்பான். முதலில் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்தான். என் சேவல் ஒரு கொத்து கொத்திவிட்டு நடந்து போய்விட்டது. அடுத்த நாள் ஒரு கொடுவாவை அரிந்து முள் எடுத்துப் போட்டான். அதற்கு அந்த ருசிதான் பிடித்தது! அதன் பிறகு வேறு எதையும் தொடவில்லை. ஊர் சிரித்தது. மனிதன் வாங்கித் தின்ன யோசிக்கிற மீனைக் கோழி தின்கிறது என்று பால் சொசைட்டியில் பேச்சு. மோனிகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒரு நாள் என்னிடம் வந்து, மெதுவாக ஒரு விஷயம் சொன்னாள். அவர் மீனைக் கொல்லுகிற நாளில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள்.

எனக்கு அது உறுத்தியது. அடுத்த முறை வந்தபோது நேரடியாகவே கேட்டேன், தின்கிற மீனை விடுவது என்ன பழக்கம், கொல்லப் பாவமா என்று. அவன் மீனை அரிந்துகொண்டே, அதெல்லாம் இல்லை என்றான். பிறகு காரணத்தைச் சொன்னான்.

அவன் அம்மா ஞானம்மா எங்கள் வயலில்தான் நடவு நட்டுக்கொண்டிருந்தவர். நடவு முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஓடையிலும் வாய்க்காலிலும் கையாலேயே தடவி மீன் பிடித்து முறத்தில் போட்டுக்கொண்டு போவாராம். என் மாமனார், இப்போது இல்லை, வரப்பில் நிற்பாராம். வயலுக்குப் பாயும் தண்ணீர் என்னுடையது, அதில் இருக்கிற மீனும் என்னுடையது என்று முறத்தைக் கவிழ்த்துவிடச் சொல்வாராம். கவிழ்த்துவிட்டு ஞானம்மா வெறும் முறத்தோடு நடப்பாராம்.

“எங்கம்மாவ வுடச் சொன்னாங்க, வுட்டுது. நான் புடிச்சத நானா வுடறேன் அண்ணி. எவனும் சொல்லி வுடல. அது ஒரு சந்தோசம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மீன் முள்ளைக் கையில் பொறுக்கிக்கொண்டே சொன்னான். கொட்டகைக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் நின்றிருந்ததை நான் பார்த்தேன். அவர் உள்ளே போனார். எனக்கு அன்றைக்கு அவன் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வது? தன்னுடைய சந்தோஷம் இன்னதென்று தெரிந்த ஒரு ஆள், அதை என் வயிற்றுப் பிள்ளைக்காகத் தினம் தினம் அரிந்து என் கோழிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் பிறகுதான் கவனித்தேன். அவன் சேவல் இறகைத் தொடுவதையே நிறுத்திவிட்டான். எங்கள் சேவலின் இறகு கட்டிய முள்ளையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிளாஸ்டிக் சாக்கிலிருந்து வெள்ளை இழையைப் பிரித்து, மோனிகாவின் பழைய புடவைச் சரிகையைக் கலந்து பூச்சி கட்டினான். கொடுவா முதலில் ஏமாறவில்லை. இறகுக்கு இருக்கிற அசைவு சாக்கு இழைக்கு வருமா? கட்டுவான், வீசுவான், பிரிப்பான், வேறு மாதிரி கட்டுவான். ஏரித் தண்ணீர் இறங்கிப்போன நாட்களில் ஓடை சேறாகிவிடும். அப்போது கரையோரமாகவே கிழக்கே நடந்து, எங்கெங்கே பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் வீசிப் பார்ப்பான். கடைசியில் ஒரு பூச்சி அமைந்தது, சுண்டு விரல் நீளத்துக்கு வெள்ளிப் பொடிமீன் மாதிரி. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இன்க்ரிமென்ட் போட்ட மாதிரி இருந்தது.

சேவல் கழுத்தில் முதலில் முள் முள்ளாகக் குத்திக்கொண்டு வந்தது. நான் காலையில் எழுந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகு கொட்டகைக்குப் போய்ச் சேவல் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் எனக்கு ஒன்றாகிவிட்டது. ஐந்தாம் மாதம் போயிற்று. ஆறாம் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, தூங்குகிறது, நீங்கள்தான் தூங்கவில்லை போலிருக்கிறது என்றார். திரும்பி வந்தபோது கொட்டகையில் எபினேசர் சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல சேதி என்று இவர் சொன்னதும், சேவலைக் கீழே விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆடிக் கடைசி ஞாயிறு வந்தது. கழுத்து இறகு முழுசாக நிறைந்துவிட்டது. முன்னைவிட மினுமினுப்பு. கொடுவா தின்ற உடம்பு இல்லையா! சேவலைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, இவர் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பூசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பலிக்கு நிற்கிற ஆடோ சேவலோ, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் வாங்கிக்கொண்டாள். சிலுப்பாவிட்டால் வேண்டாம் என்கிறாள்.

பூசாரி ஊற்றினார். சேவல் சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினார். அது நனைந்துகொண்டு கழுத்தை நீட்டி நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தது. பம்பைக்காரர்கள் வேகமாக அடித்தார்கள். இன்னொரு செம்பு ஊற்றினார். ஒன்றும் இல்லை. தினம் மனிதக் கையில் தின்று பழகிய சேவல், தண்ணீருக்கும் மேளத்துக்கும் பயமே இல்லாமல் நின்றது. மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். போன இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் வெறும் கையோடு படுத்திருந்த கட்டில்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

சேவல் பார்க்கிற திசையை அப்போதுதான் கவனித்தேன். கோயில் எல்லைக்கு வெளியே, ரோட்டோரம், மற்றவர்களுக்குப் பின்னால் எபினேசர் நின்றுகொண்டிருந்தான். சபைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்திருக்கிறான். நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பிடிக்கிறவர் வீட்டு ஆளாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

“இவ்ளோ நாளு வளத்தவன் அவன்தான். வேற யாரு ஊட்டு ஆளு? வா எபி” என்றேன்.

பூசாரி மறுக்கவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் வருவதற்கு ஓரமாக நகர்ந்து நின்றார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இவர் கையிலிருந்து சேவலை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். பூசாரி செம்பைச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் அதன் தலையில் விழுந்து, புது இறகில் இறங்கி, அவனுடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. எல்லாரும் சேவலைப் பார்த்தார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

சேவல் கழுத்தைத் தூக்கி, இறகெல்லாம் விரித்து, உடம்பு முழுக்கச் சிலுப்பியது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி வெட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று என்னை உடனே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவனும் சேவலை இவர் கையில் கொடுத்துவிட்டு, வேகமாக ஓடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்தாள். பூமிகா என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எபினேசரும் மோனிகாவும் பார்க்க வந்தார்கள். மாமியாரே நாற்காலி எடுத்துப் போட்டார். அவன் குளித்துத் தலைவாரி, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்கு மாதக்கணக்காக மனசில் இருந்ததைக் கேட்டேன். அன்றைக்குக் கோயிலில் சேவலைப் பிடித்துக்கொண்டு என்ன முணுமுணுத்தாய் என்று. அவன் மோனிகாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“ஜெபம் பண்ணேன் அண்ணி. பாஸ்டருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும். ஆண்டவரே, இந்த அண்ணி பயந்துகினு நிக்குது, அந்தம்மாகிட்ட கொஞ்சம் சொல்லி இந்த சேவல வாங்கிக்கச் சொல்லுன்னு கேட்டேன்.”

எழுந்து போய்ப் பிள்ளையை எடுத்து அவன் கையில் வைத்தேன்.